கையெழுத்துப் போட்ட மழை

அந்தப் பையின் மேல் காலை வைத்துவிடாதீர்கள், சார். உள்ளே வெண்கல மணி ஒன்று இருக்கிறது. கும்பகோணத்தில் வாங்கியது. பஸ் குலுங்கினால் சத்தம் போடக் கூடாது என்று துண்டைச் சுற்றித்தான் வைத்திருக்கிறேன். அப்படியும் கீரப்பாளையம் வருவதற்குள் இரண்டு தரம் அடித்துவிட்டது. முன் சீட்டு அம்மாள் யாரோ மாட்டைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

நீங்கள் விருத்தாசலம்தானே? டிக்கெட் வாங்கும்போது காதில் விழுந்தது. நானும் விருத்தாசலம்தான். டிக்கெட் அதற்குத்தான் எடுத்திருக்கிறேன். இந்த வண்டி சேத்தியாத்தோப்புக்கு ஐந்து மணிக்குள் போய்விடுமா? கண்டக்டரைக் கேட்டேன். "போறப்ப போவும், உக்காருங்க பெரியவரே" என்கிறார். அது மூன்றாவது தரம் கேட்டதற்குக் கிடைத்த பதில். ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்துகொள்ளலாமா? மைல்கல் பார்க்க வேண்டும். நன்றி, சார்.

நான் பேசுவது எழுதிவைத்துப் படிப்பது போல இருக்கிறதா? பழக்கம். வீட்டிலும் இப்படித்தான். "சற்று ரசம் ஊற்றுகிறாயா?" என்று கேட்பேன். என் மனைவி, "ஊத்துறேன், கைதட்டவும் செய்யணுமா?" என்பாள்.

என் பெயர் சிங்காரவேலு. சீர்காழிப் பக்கம். சம்பளம் வாங்கியது மின்வாரியத்தில், வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்துக் குறிக்கிற வேலை. போன வருடம் ஓய்வு. எம்.ஏ. தமிழ், அஞ்சல் வழியில். சுவரொட்டியில் பார்த்திருப்பீர்கள், 'சொல்வேந்தன்' சிங்காரவேலு என்று. பார்த்ததில்லையா? பரவாயில்லை. எங்கள் படமெல்லாம் தபால்தலை அளவுதான். நடுவர் படம்தான் கதவு அளவு.

பட்டிமன்றம், சார். புலவர் மாசிலாமணி குழு. பத்தொன்பது வருடமாக அதில் ஓர் அணிக்கு நான் தலைவன், எதிரணிக்கு ஹெலன் புஷ்பராணி டீச்சர். ஊர்கள் விரும்பிக் கேட்கிற தலைப்பு ஒன்று உண்டு: 'வாழ்வில் நிறைவு தருவது கனவைத் துரத்துவதா, கடமையைச் செய்வதா?' நான் கனவு. எப்போதும் கனவு. போன தை மாதத்துக்கு முன்புவரை நாற்பத்தொரு மேடைகளில் கனவுக்காகப் பேசியிருக்கிறேன். நாற்பத்தொன்றிலும் தோற்றிருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். என் பேச்சில் குறை இல்லை. தீர்ப்பு வேனிலேயே முடிந்துவிடும். எங்களைக் கூப்பிடுகிறவர்கள் யார்? பள்ளித் தாளாளர், கோயில் தர்மகர்த்தா, நெல் மண்டி முதலாளி. ஊரில் இருக்கிறவர்களெல்லாம் கனவைத் துரத்திக்கொண்டு கிளம்பிவிட்டால் அவர்கள் வீட்டில் யார் வேலை செய்வது? ஆகவே கடமை. மாசிலாமணி ஐயா வேனில் ஏறியதும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "வேலு, இன்னிக்கும் நீதான் தோக்குற. சும்மா தோக்காத, அழகா தோத்துக் குடு" என்பார். அழகாகத் தோற்றுக் கொடுப்பது எளிதல்ல. அரை மணி நேரம் தொண்டை நரம்பு புடைக்கக் கனவு, கனவு என்று கத்திவிட்டு, தீர்ப்பு வரும்போது அதிர்ச்சியடைந்த முகம் காட்ட வேண்டும். அந்த முகத்தை என்னைப் போல யாரும் காட்ட முடியாது.

எனக்கும் ஒரு கனவு உண்டு, சார். இல்லாதவன் அதைப் பற்றிப் பேச முடியுமா? நடுவர் நாற்காலி. கவனித்திருக்கிறீர்களா, மேடையில் நடுவர் நாற்காலிக்கு மட்டும் கைப்பிடி இருக்கும். எங்களுக்குக் கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலி. பத்தொன்பது வருடமாகக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். பேச்சு நீண்டால் நடுவர் அடிப்பாரே, அதற்கான இந்த மணியைக்கூட வாங்கிப் பன்னிரண்டு வருடமாகிறது. வாங்கிப் பரணில் வைத்தேன். வருடத்துக்கொரு முறை புளி போட்டுத் துலக்குவேன்.

இன்றைக்கு அந்த நாற்காலி எனக்கு.

ஐயாவுக்குத் தொண்டை போய்விட்டது. நேற்றுக் கூப்பிட்டு, காற்றுப் போன குரலில் சொன்னார்: "வேலு, விருத்தாசலத்துல நாளைக்கு நீ உக்காரு. ஆறு மணிக்கு டாண்ணு ஆரம்பிக்கணும், அந்த ஸ்கூல்காரங்க நிமிஷம் பாக்குற ஆளுங்க. நீ வரலைன்னா டீச்சரை உக்கார வெச்சிருவேன். யார் உக்கார்றாங்களோ, இனிமே அவங்கதான். எனக்கு இது போதும்."

புரிகிறதா? இன்றைக்கு உட்கார்ந்தால் இனி என்றைக்கும் நான். பிறகு ஏன் சேத்தியாத்தோப்பு, சேத்தியாத்தோப்பு என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிறீர்கள். சும்மாதான். ஓர் ஊர் வருகிறது என்றால் அது எப்போது வரும் என்று கேட்கக் கூடாதா?

இது புவனகிரியா? வண்டியை நிறுத்திவிட்டு எங்கே போகிறார் டிரைவர்? டீ குடிக்கவா? சிதம்பரத்தில் குடித்தாரே!

சரி, சொல்கிறேன். சொன்னால்தான் எனக்கே கொஞ்சம் அடங்கும்.

என் மனைவி தையல்நாயகி. நல்லவள், அமைதியானவள். என்னைப் போன்ற ஒரு பேச்சாளனுக்கு வாய்க்க வேண்டிய மனைவி. ஒரே ஒரு வினோதம் உண்டு. மழை அளப்பாள்.

ஆமாம், மழை. எங்கள் வீட்டு மொட்டை மாடியில், மரமோ சுவரோ மறைக்காத இடமாகப் பார்த்து, வாய் முதல் அடிவரை ஒரே அகலமான ஒரு கண்ணாடிச் சீசா வைத்திருக்கிறாள். அதன் பக்கத்தில் கோடு போட்ட காகிதம் ஒட்டி மெழுகு தடவியிருக்கும். பள்ளிக்கூடத்தில் புவியியல் புத்தகத்தில் மழைமானிப் படம் பார்த்தாளாம். அதைக் கல்லூரியில் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாளாம். பிளஸ் டூ முடித்த வருடம் என்னைக் கட்டிவைத்துவிட்டார்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு மாடிக்கு ஏறி, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, கீழே வந்து தினசரி நாள்காட்டித் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவாள். கிழித்த தாளை ஓர் ஆணியில் குத்திவைப்பாள். இருபத்தாறு வருடம். எட்டரை என்பது நான் ஆபீஸ் கிளம்புகிற நேரம் என்பதைக் கவனியுங்கள். இருபத்தாறு வருடம் சட்னியை நானே ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அதை எந்த மேடையிலாவது சொல்லியிருக்கிறேனா?

வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனாலும் இரவு தங்க மாட்டாள். "காலைல வீட்ல இருக்கணும்" என்பாள். வீட்டின் மேல் அவ்வளவு பிரியம் என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன்.

இப்போது நாள்காட்டித் தாள். அது எப்படி இருக்கும்? முன்பக்கம் தேதி, திதி, ராகுகாலம். பின்பக்கம் வெள்ளை. உள்ளங்கைக்கு அடக்கம். மேடையில் குறிப்பு எழுதி வைத்துக்கொள்ள அதைவிட வசதி எது? ஆரம்ப வருடங்களில் நிகழ்ச்சிக்குக் கிளம்பும்போது ஆணியிலிருந்து மேலாக நாலு தாள் உருவிக்கொள்வேன். பேசி முடித்ததும் கையெழுத்துக் கேட்டு வருவார்களே, கேட்டு வந்தார்கள் சார், நம்புங்கள், அவர்களுக்கு அந்தத் தாளிலேயே போட்டுக் கொடுத்துவிடுவேன். 'கனவை விடாதே. அன்புடன், சொல்வேந்தன்.' பின்பக்கம்தான் குறிப்பால் நிறைந்திருக்குமே, ஆகவே முன்பக்கத்தில், தேதிக்கு மேலேயே, குறுக்காக.

அவள் ஓரிரு தரம் சொன்னாள். "அதை எடுக்காதீங்க." நான், "பழைய நாள்காட்டித் தாள்தானே, நேற்று முடிந்துவிட்டது" என்றேன். தத்துவமாகவும் இருந்தது. பிறகு அவளே கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை அழகாகக் கத்தரித்து, என் குறிப்புகளைத் தன் கையால் எழுதித் தர ஆரம்பித்தாள். முத்து முத்தான எழுத்து. அவள் எழுதினால் நான் சொன்னதைவிட நாலு விஷயம் கூடுதலாகவே இருக்கும். அப்பளம் பொரித்துக்கொண்டே ஏதாவது சொல்வாள், அதையும் சேர்த்துவிடுவாள். அதற்குத்தான் கூட்டம் சிரிக்கும். கணவனின் கலைக்கு இப்படித் துணை நிற்கிற பெண்கள் குறைவு. ஒரு தரம் ஐயாவிடம் சொல்லிக் கண்கலங்கினேன். அதற்குப் பிறகு ஆணிப்பக்கம் நான் போனதே இல்லை. போக வேண்டிய தேவையும் வரவில்லை.

வண்டி கிளம்பிவிட்டது. அப்பாடா. மணி நாலேகால்தானே?

போன தை மாதம், சீர்காழியிலேயே ஒரு பள்ளி ஆண்டு விழா. நாற்பத்திரண்டாவது கனவு. உள்ளூர் என்பதால் அவளும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடைசி நேரத்தில் ஹெலன் டீச்சர் வரவில்லை. மகளுக்குப் பிரசவ வலி. கடமை அணியில் ஓர் இடம் காலி. மாசிலாமணி ஐயா கூட்டத்தைப் பார்த்தார். "தாயி, நீ வா. நாலு வார்த்தை பேசு. கடமையப் பத்தி உன்னைவிட யாருக்குத் தெரியும்?" என்றார். நான் எழுந்து, "ஐயா, அவளுக்கு மேடைப் பழக்கம் இல்லை" என்றேன். அதற்குள் அவள் படி ஏறிவிட்டாள்.

மைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை. கம்பியை இரண்டு கையாலும், கிணற்றுக் கயிற்றைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். கடமை பக்கம் பேசச் சொல்லியிருக்காங்க. காலைல எந்திரிச்சா பால், காபி, டிபன். இவருக்கு வேட்டி நீலம் போட்டுக் காய வைக்கணும். இவரு மேடையில கனவைத் துரத்துறப்ப வேட்டி கசங்கக் கூடாது பாருங்க." கூட்டம் சிரித்தது. நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன். "இதெல்லாம் கடமை. சரி. ஆனா ஒரு வேலை இருக்கு. அதை யாரும் எனக்குச் சொல்லல. நான் செய்யலைன்னாலும் கேக்க ஆளில்ல. நான் மழை அளக்குறேன்."

கூட்டம் இன்னும் பெரிதாகச் சிரித்தது.

"சிரிங்க. எங்க வீட்லயும் சிரிப்பாங்க. பெய்யிற நாள்ல அளக்குறது ஒண்ணும் பெரிசில்ல, யாருக்குமே ஏறிப் பாக்கத் தோணும். பெய்யாத நாள்லயும் ஏறிப் பாத்துட்டு வந்து சைபர் எழுதணும். சித்திரை, வைகாசி, தினம் சைபர். அதை எழுதுறப்பதான், இது நம்ம வேலைன்னு இருக்கும். கரண்டி பிடிச்ச கைதான், ஆனா அந்தப் பென்சிலப் பிடிக்கிறப்ப வேற கை மாதிரி இருக்கும். இது கடமையா? கடமைன்னா யாராவது ஏவியிருக்கணும். கனவா? கனவுன்னா இவரு சொல்ற மாதிரி வானத்தளவு இருக்கணும். இது ஒரு சீசா. எனக்குத் தெரியல. நடுவர் ஐயா சொல்லட்டும்."

நாலே நிமிடம். உட்கார்ந்துவிட்டாள். ஐயா மணியடிக்கக்கூட இல்லை, மணிமேல் கையை வைத்தபடி இருந்தார். பிறகு நான் எழுந்து இருபது நிமிடம் முழங்கினேன். தீர்ப்பில் ஐயா, பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, வேனில் சொன்னதை மாற்றினார். "நிறைவு தருவது கனவே" என்றார்.

என் வெற்றி, சார். நாற்பத்திரண்டு மேடை விடாமல் முயன்றதற்குக் கிடைத்த வெற்றி. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்: "நீ எதிரணியில் பேசியும் நான் வென்றேன், பார்த்தாயா?" அவள், "மோர் குடிக்கிறீங்களா?" என்றாள்.

இருங்கள், ஃபோன்.

ஹலோ... ஆமாம் ஐயா... புவனகிரி தாண்டிவிட்டேன் ஐயா... ஆறுக்குள்... மணி எடுத்து வந்திருக்கிறேன்... டீச்சர் வந்துவிட்டாரா? நீலப் புடவையா? எதற்கு அதைச் சொல்கிறீர்கள்?... சரி ஐயா.

ஹெலன் டீச்சர் நாலு மணிக்கே வந்து, நடுவர் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாராம். கைப்பிடி மேல் கைப்பை வைத்திருப்பார், எனக்குத் தெரியும்.

எங்கே விட்டேன்? மோர். அன்றைய கூட்டத்தில் ஒரு கல்லூரியில் புவியியல் சொல்லித் தருகிற பெண் இருந்திருக்கிறார். நிலோஃபர் என்று பெயர். அடுத்த ஞாயிறு வீட்டுக்கே வந்துவிட்டார். எனக்கு வாழ்த்துச் சொல்ல என்று நினைத்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். "ரெயின்ஃபால் ரெக்கார்டு வெச்சிருக்கிற மேடம் இருக்காங்களா?" என்றார்.

அவள் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். வருடம் வருடமாக நூல் போட்டுக் கட்டிய தாள்கள். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கம் பல மைல் சுற்றளவுக்கு அளவெடுப்பார் யாரும் இல்லையாம். "இதைத்தான் மேடம் தேடிக்கிட்டு இருந்தோம். இது உங்க பேர்லயே வெளிவரணும்" என்றார். நான் உதவியாக இருக்கட்டும் என்று, தமிழில் மழைக்குத் தூறல், சாரல், பெயல், மாரி என்று எத்தனை பெயர் உண்டு என விளக்க ஆரம்பித்தேன். ஒன்பதாவது பெயரில் தையல், "அவங்க பேரைக் கேக்கலங்க, அளவைக் கேக்குறாங்க" என்றாள்.

புரட்டிக்கொண்டே வந்த அந்தப் பெண் கேட்டார்: "இங்க சில நாள் இல்லையே மேடம்? எல்லாம் ஒரே நாலு வருஷத்துல. ஐம்பத்தெட்டு நாள்." பிறகு ஒரு கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பெருமழை நாளும் இல்ல. அன்னிக்கு அளக்கலையா?"

தையல் என்னைப் பார்க்கவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். பார்த்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவள் நூலைக் கட்டிக்கொண்டே, "அளந்தேன்" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது, சார். விடாமல் கொட்டியது. நான் உள்ளே உட்கார்ந்து சேத்தியாத்தோப்பில் பேச வேண்டிய பேச்சைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். இவள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடுவதும் வருவதுமாக இருந்தாள். சீசா நிறைந்துவிடுமாம், வழிவதற்குள் கவிழ்த்துக் கணக்கு வைக்க வேண்டுமாம். "இடி விழப் போகிறது, கவனம் சிதறுகிறது" என்று கத்தினேன். என் கவனத்தைச் சொன்னேன். வாரக் கடைசியில் மழை விட்டு நான் கிளம்பும்போது ஆணியில் இருந்து உருவிய தாள்களில் அது ஒன்று.

"ஞாபகத்திலிருந்து எழுதிவிடேன்" என்றேன் அன்று மாலை. "மூணு தடவை கவுத்தது ஞாபகம் இருக்கு. மிச்சம் நின்னது எவ்வளவுன்னு ஞாபகம் இல்ல. ஞாபகத்துலேர்ந்து எழுதுனா அது அளவு இல்ல, கதை" என்றாள். பிறகு, அடுப்பைத் துடைத்துக்கொண்டே, என்னிடம் சொல்வது போல இல்லாமல் சொன்னாள்: "மத்த நாளெல்லாம் அளந்துட்டு, கொட்டுன நாள்ல தூங்கிட்டாள்னு நெனப்பாங்க."

என்னிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. யாருக்குக் கையெழுத்துப் போட்டேன், எந்த ஊர், என்ன தொழில், எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். பிற்காலத்தில் யாராவது என் வாழ்க்கை வரலாறு எழுத வந்தால் உதவும் என்று. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆறு மாதமாக இதே வேலை, சார். புதிதாகக் கையெழுத்துப் போட்ட அட்டைகளையும் கொண்டு போனேன், பழையது கொடுத்தால் புதியது என்று. துணிக்குப் பாத்திரம் விற்கிறவன் மாதிரி தெருத் தெருவாக.

ஐம்பத்தெட்டுப் பேரில் பாதிப் பேருக்கு நான் யார் என்றே தெரியவில்லை. ஒருவர் வீட்டில் என் கையெழுத்து ஆடுகிற பீரோவின் காலுக்குக் கீழே மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆட்டம் நின்றிருந்தது, அதைச் சொல்ல வேண்டும். வைத்தீஸ்வரன்கோயிலில் ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், "ஏன் திரும்பக் கேக்குறீங்க? உங்க கையெழுத்துக்கு வெலை ஏறிடுச்சா?" என்றார். ஏறிவிட்டது என்றேன். ஒரு நர்ஸ் அம்மா மட்டும் அரிசி டின் மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தார். "தினம் அரிசி அள்ளுறப்ப கண்ணுல படும் சார். அதைப் பாத்துத்தான் முப்பது வயசுல நர்சிங் சேந்தேன்" என்றார். பெருமையாக இருந்தது. ஆவி காட்டி உரித்துத் தந்தார். அன்றைய அளவு ஆறு மில்லிமீட்டர்.

இருபத்துமூன்று கிடைத்தது. முப்பத்துநான்கு போனது போனதுதான். ஒவ்வொன்றையும் கொண்டுபோய்க் கொடுக்கும்போது தையல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்து, என் மைக்கு அடியில் இருக்கிற பென்சில் கோட்டைத் தேடுவாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு, "பன்னெண்டரை" என்பாள். எப்போதோ பெய்து முடிந்த மழை, சார். அப்போதுதான் நனைந்து வந்தவள் மாதிரி ஒரு முகம் வரும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் பார்க்காத முகம். எனக்கு வேறு வேலை இல்லாததால் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், வேறொன்றும் இல்லை.

ஆக, மிச்சம் ஒன்று. பெருமழைத் தாள். சேத்தியாத்தோப்பு, முருகானந்தம், பாத்திரக்கடை. நோட்டில் இருந்த எண் மாறிப்போய், யார் யாரிடமோ கேட்டு, இன்றைக்கு மதியம்தான் ஆள் கிடைத்தார்.

"சொல்வேந்தனா? அய்யா! ஃபிரேம் போட்டு கல்லாவுக்கு நேரா மாட்டியிருக்கேன்யா!" என்றார். இளம் வயதில் கச்சேரிக் குழுவில் பாட வேண்டும் என்று ஆசையாம் அவருக்கு. "கனவை விடாதேன்னு எழுதிக் குடுத்தீங்க. தினம் அதைப் பாத்துக்கிட்டே கடையத் திறந்தேன், பாத்துக்கிட்டே கடையச் சாத்தினேன்." நன்றி என்றேன்.

தாளின் மூலையில் பென்சிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். "மூலையில உங்க கையெழுத்துதான்யா இருக்கு" என்றார். ஃபோட்டோ எடுத்து அனுப்பினார். கண்ணாடியில் டியூப்லைட் விழுந்திருக்கிறது, அதற்கு அடியில் நான். வேறெதுவும் தெரியவில்லை. இதோ பாருங்கள். தாளே கையில் வந்தால் தையல் படித்துவிடுவாள்.

அனுப்பிவைக்கச் சொன்னேன். "உங்க கையிலதான்யா குடுப்பேன்" என்கிறார். கடையைக் காலி பண்ணிக்கொண்டு மகள் வீட்டுக்குத் திருப்பூர் போகிறார். சாயங்காலம் வரை ஏதோ கோயிலில் இருப்பாராம். "ஆறு மணிக்குக் கடைக்கு வந்துடுவேன், எட்டு மணிக்கு லாரி கெளம்புது. அதுக்குள்ள வந்துருங்க. அதுக்கப்புறம் எது எந்த மூட்டையில போகும்னு எனக்கே தெரியாது" என்றார்.

ஆறு மணி. விருத்தாசலத்திலும் ஆறு மணி. கூட்டம் முடிய ஒன்பதாகும். நீங்கள் என்ன கணக்குப் போடுகிறீர்களோ அதை நான் சிதம்பரத்திலிருந்து போட்டுக்கொண்டு வருகிறேன். ஒத்துவரவில்லை.

தையலிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் என் வேட்டியை மடித்துக் கொடுத்துக்கொண்டே, "நீங்க மேடைக்குப் போங்க. பத்தொம்போது வருஷம் காத்திருந்தீங்க. நிலோஃபர் மேடம் திங்கக்கிழமை வர்றாங்க, அந்த நாளுக்குப் பதிவு இல்லைன்னு எழுதிக் குடுத்துடுறேன். அது பொய் இல்லையே" என்றாள். அவளே சொல்லிவிட்டாள், சார். நானாகக் கேட்கவில்லை. இந்த மணியை இந்தத் துண்டில் சுற்றி வைத்ததும் அவள்தான். "நாக்கு அசையாம கட்டியிருக்கேன்" என்றாள்.

ஆகையால் நான் நேராக விருத்தாசலம் போகிறேன். தீர்ப்புக்கூட எழுதிவிட்டேன், சட்டைப் பையில் இருக்கிறது. இன்றைக்கும் அதே தலைப்புதான். கனவுக்குத்தான் தீர்ப்பு. தாளாளர் முகம் சுளித்தாலும் சரி. நடுவர் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்துக்கொண்டு, "மனிதன் தன் கனவை எவனுக்காகவும் விட்டுக்கொடுக்கலாகாது" என்று ஆரம்பிக்கிறேன். நன்றாக இருக்கிறது அல்லவா? அந்த வாக்கியமும் அவள் எழுதிய அட்டையில் இருந்ததுதான். எழுதும்போது என்ன நினைத்துக்கொண்டு எழுதினாளோ.

அது என்ன பலகை? சேத்தியாத்தோப்பு மூன்று. மூன்று என்றால் ஐந்து நிமிடம்.

இல்லை சார், வேர்க்கவில்லை. ஜன்னல் பக்கம் வெயில்.

ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில்தானே இறங்குவீர்கள்? பள்ளிக்கூடம் அதன் பின்தெருவிலேயேதான். வாசலில் சுவரொட்டி இருக்கும், பெரிய படம் மாசிலாமணி ஐயா, தபால்தலைகளில் இடமிருந்து இரண்டாவது நான். உள்ளே போனால் மேடையில் நீலப் புடவை கட்டிய ஓர் அம்மா. ஹெலன் டீச்சர். கெட்டவர் இல்லை. மகளுக்குப் பிரசவம் என்றதும் மேடையை விட்டுவிட்டு ஓடியவர். இந்தப் பையை அவரிடம் கொடுத்துவிடுங்கள். மணியைப் பார்த்தால் அவருக்குப் புரியும். பஸ் பழுதாகிவிட்டது என்று சொல்லிவிடுங்கள்... வேண்டாம், நீங்களும் இதே பஸ்ஸில்தானே வந்திருப்பீர்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். துண்டை மட்டும் அவிழ்த்துக் கொடுங்கள், முடிச்சு இறுக்கமாகப் போட்டிருக்கிறாள்.

இந்தத் தீர்ப்பையும் கொடுக்கலாமா? வேண்டாம், கிழித்துவிடுகிறேன். டீச்சர் கடமைக்கே தீர்ப்புச் சொல்லட்டும். தாளாளருக்கும் திருப்தி.

கண்டக்டர்! சேத்தியாத்தோப்பு ஒன்று. ஆமாம், டிக்கெட் விருத்தாசலம்தான், அதனால் என்ன? நான் இங்கே இறங்கக் கூடாதா?

காலைக் கொஞ்சம் நகர்த்துங்கள், சார். ஃபோன் அடிக்கிறதா? அடிக்கட்டும், ஐயாதான். ஒரே ஒரு பயம்தான் எனக்கு. பென்சில் எழுத்து, அதுவும் ஓரத்தில், சின்னதாக எழுதுவாள். என் கையெழுத்து கொஞ்சம் பெரிது. அந்த நாட்களில் இன்னும் பெரிதாகப் போடுவேன்.